ஆச்சரியக்குறி இல்லாமலும் பாட்டு கேட்டது

"விடை சரியாகத்தானே இருக்கிறது, டீச்சர்? பிறகு ஏன் மதிப்பெண்ணைக் குறைத்தீர்கள்?"

ஒவ்வோர் ஆண்டும் ஏதாவது ஒரு வகுப்பில் இந்தக் கேள்வி எழுகிறது. நீங்களும் உங்கள் ஆசிரியரிடம் கேட்டிருப்பீர்கள். 16/64 என்ற பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே ஒரு 6, கீழே ஒரு 6. இரண்டையும் அடித்துவிட்டால் மிஞ்சுவது 1/4. விடை மிகச் சரி. 19/95இல் இரண்டு 9களையும் அடித்தால் 1/5. அதுவும் சரி. இந்த முறையை நம்பி 17/74இல் 7களை அடித்துப் பாருங்கள். மறுபடியும் 1/4 வரும். இந்த முறை விடை தவறு. முதல் இரண்டு கணக்குகளிலும் வழி தவறாகத்தான் இருந்தது. எண்கள் தற்செயலாக உங்களைக் காப்பாற்றின, அவ்வளவுதான்.

இது தொடக்கநிலைப் பிள்ளைகளின் விளையாட்டு என்று ஒதுக்கிவிடாதீர்கள். தேர்ந்த நிரலாளர்கள் எழுதிப் பராமரிக்கும் லினக்ஸ் கெர்னலுக்குள்ளேயே இப்படி ஒன்று நடந்திருக்கிறது. அதுவும் சிங்கப்பூரில் தோன்றிய ஒரு நிறுவனத்தின் பொருளை ஒட்டி நடந்தது. அந்தக் கதையை உங்களுக்குச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாள் ஆசை. வழிமுறைக்கு ஏன் மதிப்பெண் என்பதற்கு இதைவிட நல்ல பதில் என்னிடம் இல்லை.

சைனாடவுனில் தொடங்கிய ஒலி

கிரியேட்டிவ் டெக்னாலஜி நிறுவனத்தை உங்கள் பெற்றோருக்குத் தெரிந்திருக்கும். நீ ஆன் தொழில்நுட்பக் கல்லூரியில் படித்த சிம் வோங் ஹூ, 1981இல் சைனாடவுனில் நண்பருடன் சேர்ந்து தொடங்கிய சிறு கணினிக் கடை அது. அந்தக் காலத்துக் கணினிகளுக்குப் பேசத் தெரியாது. 'பீப்' என்று கத்தத்தான் தெரியும். 1989இல் கிரியேட்டிவ் வெளியிட்ட 'சவுண்ட் பிளாஸ்டர்' என்ற ஒலி அட்டை அதை மாற்றியது. கணினிக்குள் செருகினால் இசை, குரல், விளையாட்டுகளின் வெடிச்சத்தம் எல்லாம் கேட்கும். உலகமே வாங்கியது. 1992இல் அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குச்சந்தையில் இடம்பெற்ற முதல் சிங்கப்பூர் நிறுவனம் கிரியேட்டிவ்தான்.

இதற்கு நடுவே, 1991இல், பின்லாந்தில் லினஸ் டோர்வால்ட்ஸ் என்ற 21 வயது மாணவர் லினக்ஸ் கெர்னலை எழுதி எல்லாருக்கும் திறந்துவைத்தார். மறு ஆண்டே அதே நாட்டைச் சேர்ந்த ஹன்னு சவோலைனன், சவுண்ட் பிளாஸ்டர் அட்டைக்கு ஒரு டிரைவர் எழுதிவிட்டார். சிங்கப்பூரின் அட்டையும் பின்லாந்தின் கெர்னலும் அவ்வளவு சீக்கிரமே அறிமுகமாகிவிட்டன.

கெர்னல், டிரைவர் என்கிறேனே, அவை என்ன? இயங்குதளத்தின் நடுநாயகமான பகுதி கெர்னல். நினைவகம், செயலி, வட்டு, திரை என எல்லாவற்றையும் பங்கிட்டுக் கொடுப்பது அது. ஆனால் சந்தையில் இருக்கும் ஒவ்வொரு அச்சுப்பொறியின் பேச்சும், ஒவ்வொரு ஒலி அட்டையின் பேச்சும் அதற்குப் புரியாது. பொருளுக்குப் பொருள் ஒரு மொழிபெயர்ப்பாளர் வேண்டும். அந்தச் சிறு நிரலே டிரைவர். 'ஓட்டுநர்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள்; என்னைக் கேட்டால் தேக்கா சந்தையில் மீன்காரருக்கும் தமிழ் தெரியாத வாடிக்கையாளருக்கும் நடுவே நின்று பேசிக்கொடுக்கும் பாட்டிதான் பொருத்தமான உவமை. பாட்டி ஒரு சொல்லைத் தவறாகச் சொன்னால் மீன் நன்றாக இருந்தும் வியாபாரம் கெடும்.

2005இல் கிரியேட்டிவ் 'எக்ஸ்-ஃபை' என்ற அடுத்த தலைமுறை ஒலி அட்டையை வெளியிட்டது. லினக்ஸ் பயனாளர்கள் அதற்கான டிரைவருக்காக ஆண்டுக்கணக்கில் காத்திருந்தார்கள். 2008 நவம்பரில் நிறுவனம் டிரைவரின் மூலநிரலையே பொது உரிமத்தில் வெளியிட்டது. 2009இல் அது கெர்னலின் 2.6.31 பதிப்பில் சேர்ந்தது. அதாவது, அன்றுமுதல் அந்த நிரலின் ஒவ்வொரு வரியையும் நீங்களும் நானும் படிக்கலாம், திருத்தம் எழுதி அனுப்பலாம்.

நான்கு இலக்கத் தபால்காரர்

பிழையைப் புரிந்துகொள்ள இன்னும் ஒரே ஒரு பாடம் வேண்டும். ஒலி அட்டை பாட்டை எங்கிருந்து எடுக்கிறது? கணினியின் நினைவகத்திலிருந்து. ஒவ்வொரு முறையும் செயலியிடம் 'அடுத்த துண்டைக் கொடு' என்று கேட்டுக்கொண்டிருந்தால் செயலிக்கு வேறு வேலையே ஓடாது. ஆகவே அட்டை தானே நினைவகத்துக்குப் போய் எடுத்துக்கொள்ள அனுமதி உண்டு. இதை 'நேரடி நினைவக அணுகல்' என்பார்கள்.

போய் எடுக்க வேண்டுமானால் முகவரி தெரிய வேண்டும். சிங்கப்பூரின் அஞ்சல் குறியீடு ஒரு காலத்தில் நான்கு இலக்கமாக இருந்தது. 1995இல் ஆறு இலக்கமாக மாறியது. நான்கு இலக்கத்தில் 10,000 குறியீடுகளுக்கு மேல் எழுத முடியாது. ஆறு இலக்கத்தில் ஒரு மில்லியன் வரை எழுதலாம். நான்கு இலக்கம் மட்டுமே எழுதத் தெரிந்த தபால்காரர் ஒருவர் இன்று வேலைக்கு வந்தால் ஊரின் பெரும்பகுதி அவருக்கு எட்டாது. கணினியிலும் அப்படித்தான். 32 பிட் முகவரியில் 2இன் 32ஆம் அடுக்கு, அதாவது 4,294,967,296 இடங்களைச் சுட்டலாம். அதுதான் 4 கிகாபைட். இன்று உங்கள் மடிக்கணினியில் 8 அல்லது 16 கிகாபைட் நினைவகம் இருக்கும். முழுவதையும் தொட 32 பிட் போதாது. கிரியேட்டிவின் பழைய 'சவுண்ட் பிளாஸ்டர் லைவ்' அட்டையின் டிரைவரில் 31 பிட் என்றே வரம்பு எழுதியிருக்கும். அதனால் எட்டக்கூடியது 2 கிகாபைட்தான்.

எக்ஸ்-ஃபை டிரைவர், கணினி தொடங்கும்போது கெர்னலிடம் ஒரு கேள்வி கேட்கும்: "64 பிட் முகவரி பயன்படுத்தலாமா?" பெரும்பாலான கணினிகள் சரி என்று சொல்லும். சில கணினிகளின் அமைப்பு அதற்கு இடம் கொடுப்பதில்லை. அவை முடியாது என்று சொன்னதும் டிரைவர் கோபித்துக்கொண்டதுபோல் வேலையையே விட்டுவிடும். அட்டையில் பழுது இல்லை, கணினியிலும் பழுது இல்லை, ஆனால் ஒலி வராது. 32 பிட்டில் கேட்டிருந்தால் கிடைத்திருக்கும். டிரைவருக்குக் கேட்கத் தெரியவில்லை.

2017இல் இதற்குத் திருத்தம் வந்தது. லினக்ஸ் கெர்னலின் ஒலிப் பகுதியைப் பல ஆண்டுகளாகப் பராமரித்துவரும் டக்காஷி இவாய் அதை எழுதினார். எளிமையான திருத்தம்: முதலில் 64 பிட் கேள், கிடைக்காவிட்டால் 32 பிட்டுக்கு இறங்கிவா. எக்ஸ்-ஃபை அட்டைகளில் இரண்டு வகைச் சில்லுகள் உண்டு. ஆகவே இரண்டு கோப்புகள். இரண்டிலும் அதே மாற்றம்.

இங்கேதான் கதை சுவாரசியமாகிறது.

சி மொழியில் எழுதப்பட்ட அந்தக் கேள்விக்குப் பதில் ஒரு எண்ணாக வரும். வெற்றி என்றால் 0. தோல்வி என்றால் வேறு ஏதாவது ஓர் எண். தலைகீழாக இருக்கிறதே என்று தோன்றுகிறதா? காரணம் உண்டு. வெற்றி ஒரே வகை. தோல்விக்குத்தான் நூறு காரணங்கள். எந்தக் காரணம் என்று சொல்ல நிறைய எண்கள் தேவை. ஆனால் சி மொழியில் 'எனில்' என்ற சோதனைக்குள் 0 வந்தால் 'பொய்' என்று பொருள். ஆகவே வெற்றியைச் சோதிக்கக் கேள்விக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட வேண்டும். சி மொழியில் '!' என்றால் வியப்பு அல்ல. 'இல்லை' என்று பொருள். அது பொய்யை மெய்யாக்கும், மெய்யைப் பொய்யாக்கும்.

ஒரு கோப்பில் '!' இருந்தது. மற்றொன்றில் விடுபட்டுவிட்டது.

விளைவு என்ன? அந்த வகைச் சில்லு இருக்கும் கணினியில், கெர்னல் '64 பிட் தருகிறேன்' என்று சொன்னால் டிரைவர் 'தரமாட்டேன்' என்று புரிந்துகொண்டது. உடனே 32 பிட்டுக்கு இறங்கியது. 32 பிட்டில் ஒலி அட்டை நன்றாகவே வேலை செய்யும். பாட்டு கேட்டது. யாருக்கும் எந்தக் குறையும் தெரியவில்லை. திருத்தம் முழுக்க தலைகீழ், விடை மட்டும் சரி. 16/64இல் 6ஐ அடித்த அதே கதை.

பின்னர் இவாயே இன்னொரு திருத்தத்தை வெளியிட்டார். மாற்றம் ஒரே ஓர் எழுத்து: '!'. அதனுடன் எழுதிய குறிப்பில், முந்தைய திருத்தத்தில் தாம் அந்தக் குறியைப் போட மறந்துவிட்டதாகவும், எந்தக் கோப்பில் தவறு, எதில் சரி என்றும், தவறாக இருந்தும் பெரும்பாலான கணினிகளில் ஏன் வேலை செய்தது என்றும், ஆகவே பாதிப்பு சிறிதுதான் என்றும் விளக்கியிருக்கிறார். சில வரிகள்தான். கெர்னலின் வரலாற்றில் அவர் பெயருடன் அது நிரந்தரமாக இருக்கும். யாரும் அழிக்க முடியாது, அழிக்கவும் நினைப்பதில்லை.

எனக்கு இந்தக் குறிப்பின்மேல் தனி மதிப்பு உண்டு. நம் செய்முறை ஏடுகளில் இதுபோல் ஒன்றை நான் அரிதாகவே பார்க்கிறேன். ஊசல் சோதனையில் ஆறு அளவீடுகள் எடுக்கிறோம். ஐந்து ஒரே கோட்டில் விழுகின்றன, ஆறாவது விலகி நிற்கிறது. வெள்ளைத் திருத்தப் பட்டை வெளியே வருகிறது. ஆறாவது புள்ளியும் கோட்டின்மேல் வந்து அமர்ந்துவிடுகிறது. வரைபடம் அழகாகிவிடும். ஆனால் அந்தப் புள்ளி ஏன் விலகியது, நூலின் நீளத்தை மாற்றினீர்களா, அலைவுகளை எண்ணும்போது ஒன்றை விட்டீர்களா என்பது இனி யாருக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. இதற்கு மாணவர்களை மட்டும் குறைசொல்ல மாட்டேன். அழகான வரைபடத்துக்கு மதிப்பெண் தரும் எங்களுக்கும் பங்கு உண்டு. விலகிய புள்ளியை அப்படியே விட்டு, அருகில் ஒரு வரி காரணம் எழுதும் மாணவருக்குக் கூடுதல் மதிப்பெண் தர வேண்டும் என்பது என் கருத்து.

பாதிக்குப் பாதி

'வேலை செய்யவில்லை' என்பது பிழை அறிக்கை ஆகாது. கெர்னல் உலகில் அப்படி எழுதி அனுப்பினால் பதில் வருவது கடினம். எந்தக் கணினி, எந்தச் சில்லு, எந்தப் பதிப்பில் சரியாக இருந்தது, எந்தப் பதிப்பில் கெட்டது, என்ன செய்தால் ஒவ்வொரு முறையும் பிழை வருகிறது என்று கேட்பார்கள். இவை எல்லாம் உங்கள் அறிவியல் பாடத்தில் உள்ளவைதான்: கட்டுப்படுத்தப்பட்ட மாறி, மாற்றப்படும் மாறி, திரும்பச் செய்து பார்த்தல்.

இதில் ஓர் அழகான உத்தி உண்டு. ஒன்பது, பத்து வாரங்களுக்கு ஒரு முறை புதிய கெர்னல் பதிப்பு வருகிறது. ஒவ்வொன்றிலும் 10,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள். பழைய பதிப்பில் ஒலி வந்தது, புதியதில் வரவில்லை என்றால் குற்றவாளி அந்த ஆயிரக்கணக்கான மாற்றங்களில் ஒன்று. ஒவ்வொன்றாகச் சோதித்தால் வாழ்நாள் போதாது. நடுவில் உள்ள மாற்றம்வரை மட்டும் சேர்த்துக் கெர்னலை ஓட்டிப்பாருங்கள். ஒலி வந்தால் குற்றவாளி பிற்பாதியில், வராவிட்டால் முற்பாதியில். மிஞ்சிய பாதியை மறுபடி பாதியாக்குங்கள். 2இன் 14ஆம் அடுக்கு 16,384. அதாவது, 16,000 மாற்றங்களுக்குள் ஒளிந்திருக்கும் ஒன்றைப் பதினான்கே சோதனைகளில் பிடித்துவிடலாம். டோர்வால்ட்ஸ் 2005இல் உருவாக்கிய 'கிட்' என்ற கருவியில் இதற்கென்றே ஒரு கட்டளை இருக்கிறது. இந்தத் தேடலுக்குப் பெரிய கணினி அறிவு வேண்டாம். பொறுமையும் ஒழுங்கும் போதும். பிழையைத் திருத்தத் தெரியாதவர்கூட அது எங்கே நுழைந்தது என்று கண்டுபிடித்துச் சொல்லலாம்.

திறந்து வைத்துவிட்டால் பிழையே இராது என்று நான் சொல்லவில்லை. அந்த விடுபட்ட ஆச்சரியக்குறி எல்லார் கண்ணுக்கும் முன்னால்தான் கிடந்தது. இணையப் பாதுகாப்புக்கான 'ஓப்பன்எஸ்எஸ்எல்' என்ற திறமூல மென்பொருளில் 'ஹார்ட்பிளீட்' என்ற மோசமான ஓட்டை இரண்டு ஆண்டுகள் இருந்து, 2014இல்தான் வெளிப்பட்டது. கதவு திறந்திருப்பது வேறு, யாராவது உள்ளே வந்து பார்ப்பது வேறு. ஆனால் பூட்டிய கதவென்றால் பார்க்க விரும்புகிறவரும் உள்ளே வர முடியாது.

தேக்காவிலிருந்து நடக்கும் தூரத்தில்

இதனால் நமக்கு என்ன? லிட்டில் இந்தியா ரயில் நிலையத்திலிருந்து ரோச்சோர் கால்வாய்ப் பக்கம் நடந்தால் சில நிமிடங்களில் ஒரு புறம் சிம் லிம் டவர், மறு புறம் சிம் லிம் ஸ்குவேர். ஒன்றில் மின்தடையும் கம்பியும் வாங்கலாம். மற்றொன்றில் கணினிப் பாகங்கள் வாங்கலாம், பழுதும் பார்க்கலாம். அருகில் இருந்த சுங்கை ரோட்டுப் பழைய பொருள் சந்தை 2017 ஜூலையில் மூடப்பட்டுவிட்டது. பழைய வானொலி, கைப்பேசி, கணினிப் பாகம் என்று அங்கே தரையில் பரப்பி விற்றார்கள். கழித்துக்கட்டிய பொருளுக்கு இன்னொரு வீடு கிடைத்த இடம் அது.

சிங்கப்பூரில் ஆண்டுதோறும் ஏறத்தாழ 60,000 டன் மின்கழிவு சேர்கிறது என்கிறது தேசிய சுற்றுப்புற வாரியம். அதைச் சேகரித்து மறுபயனீடு செய்யத் தயாரிப்பாளர்களே பொறுப்பேற்கும் திட்டம் 2021இல் தொடங்கியது. நல்ல திட்டம். ஆனால் என் கவலை ஒரு படி முந்தியது. குப்பைக்குப் போகும் அச்சுப்பொறியும் ஸ்கேனரும் எல்லாமே கெட்டுப்போனவையா? கணினியின் இயங்குதளம் மாறியதும் 'டிரைவர் இல்லை' என்ற ஒரே காரணத்துக்காக நல்ல பொருள் தூக்கி எறியப்படுவதை நீங்கள் உங்கள் வீட்டிலேயே பார்த்திருக்கலாம். மோட்டார் சுழல்கிறது, விளக்கு எரிகிறது. மொழிபெயர்க்கும் பாட்டிதான் இல்லை. டிரைவரின் நிரல் பூட்டப்பட்டிருந்தால், நிறுவனம் அக்கறை இழந்த நாளே பொருளின் ஆயுளும் முடிகிறது. நிரல் திறந்திருந்தால், தயாரித்தவர் மறந்துபோன பிறகும் வேறு யாராவது ஓர் ஆச்சரியக்குறியைச் சேர்க்க முடியும். 2005இல் வந்த எக்ஸ்-ஃபை அட்டைக்கு 2017இல் திருத்தம் கிடைத்தது எப்படி என்று யோசியுங்கள்.

சிம் வோங் ஹூ 1999இல் எழுதிய ஒரு நூலில், 'யூ திருப்பம்' பற்றிய கருத்து புகழ்பெற்றது. பல நாடுகளில் தடைப்பலகை இல்லாத இடத்தில் வண்டியைத் திருப்பலாம். சிங்கப்பூரில் அனுமதிப் பலகை இருந்தால்தான் திருப்பலாம். அனுமதிக்குக் காத்திருக்கும் இந்தப் பழக்கம் நம் சிந்தனைக்குள்ளும் புகுந்துவிட்டது என்பது அவர் வாதம். 2023 ஜனவரியில் அவர் மறைந்தபோதும் பலர் இதைத்தான் நினைவுகூர்ந்தார்கள். சாலைவிதியைப் பொறுத்தவரை நான் பலகைக்குக் காத்திருக்கவே சொல்வேன். ஆனால் நீங்கள் காசு கொடுத்து வாங்கிய பொருளைத் திறந்து பார்க்க, சரிசெய்ய, எந்தப் பலகைக்காகக் காத்திருக்கிறோம்? விற்பனையை நிறுத்திய பொருளின் டிரைவர் நிரலை நிறுவனங்கள் திறந்துவிட வேண்டும் என்று சட்டமே கேட்கலாம் என்பது என் எண்ணம். போட்டியாளர் திருடிவிடுவார் என்று நிறுவனங்கள் சொல்லும். இன்றைய பொருளுக்கு அந்த வாதம் ஓரளவு பொருந்தும். பத்து ஆண்டுக்கு முந்தைய பொருளுக்குப் பொருந்தாது.

விடுமுறையில் முயன்று பார்க்க ஒன்று சொல்கிறேன். விண்டோஸ் 10க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியுடன் முடிந்துவிட்டது. அதனால் பல வீடுகளில் ஒரு மடிக்கணினி அலமாரியில் சும்மா கிடக்கும். லினக்ஸை ஒரு யுஎஸ்பி விரலியில் ஏற்றி, வட்டில் எதையும் நிறுவாமலே அதிலிருந்து கணினியைத் தொடங்கலாம். தொடங்கும்போது கெர்னல் எழுதும் பதிவைத் திறந்து பாருங்கள். எந்தச் சில்லைக் கண்டது, எந்த டிரைவரை அழைத்தது, யார் பதில் சொல்லவில்லை என்று வரிவரியாக இருக்கும். ஒலி வராவிட்டால் கோபப்படாமல் அந்த வரியைத் தேடி எடுங்கள். ஒரு தாளில் கணினியின் பெயர், சில்லின் பெயர், பதிப்பு எண், நீங்கள் செய்தது, நடந்தது என எழுதுங்கள். இரண்டாம் முறை செய்தும் அதுவே நடக்கிறதா என்று பாருங்கள். மூன்றாம் முறை ஒரே ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

கணினி உங்களுடையது அல்ல என்றால் அப்பாவிடமோ அக்காவிடமோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். அதில் குடும்பப் படங்கள் இருந்தால் தொடங்குவதற்கு முன்பே நகல் எடுத்து வைத்துவிடுங்கள்.